ஒன்பதாம் கிணற்றில் மிச்சம் இருப்பது

எனக்குப் பின்னால் பிறந்து எனக்கு முன்னால் போய்விட்ட செல்வத்துக்கு,

ஒன்பதாம் கிணற்றைத் திறந்து பார்க்கலாம் என்று சிபாரிசு செய்தேனே, அதை எழுதியது என் படிப்பா, உன் அக்காவா? பல வாரங்களாக இதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நமக்கு வேண்டிய விடையையே சொல்கிற கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும் என்று உனக்குச் சொன்னவள் நான். போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அது எனக்கு வேண்டியதையே சொல்கிறது. சந்தேகம் கூடிக்கொண்டே போகிறது.

நாளைக் காலை திறக்கிறார்கள். நீ உன் கையால் சுற்றி மூடிய வால்வு. எண்ணெய் வந்தால் கிணறு ஓடும். தண்ணீர்தான் என்றால் இந்தப் பருவத்திலேயே உள்ளே சிமெண்டு இறக்கி அதை நிரந்தரமாக அடைத்துவிடுவார்கள். அதற்கான படகு பக்கத்திலேயே நிற்கிறது. நான் அங்கே இல்லை. உன் முதல் திவசம் அடுத்த வாரம் என்பதால் விடுப்பில் நம் ஊருக்கு வந்திருக்கிறேன். மின்சாரம் போய்விட்ட மத்தியானத்தில், நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கினி நட்சத்திரம். ஏரியில் தண்ணீர் இல்லை. பக்கத்துக் கழனியில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சற்று முன் நின்றது. அது நிற்கிற போதெல்லாம், யாரோ எங்கேயோ எதையோ மூடிவிட்டது போலத் தலை நிமிர்கிறேன்.

இதை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த சிலவற்றை உனக்கே விளக்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

எழுபதுகளின் நடுவில் மேற்குக் கடலில் அந்தச் சின்ன எண்ணெய் வயல் கிடைத்தபோது நீ வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எண்ணெய் தானாகவே பீறிட்டு வந்தது. வந்ததை எல்லாம் எடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் வயலுக்கு வயசாகிவிட்டது. பூமிக்கடியில் எண்ணெய் ஏரி போலத் தேங்கி நிற்பதில்லை. பாறையின் நுண்ணிய துளைகளில் ஊறிக் கிடக்கும். அதற்கு அடியில் உப்புத் தண்ணீர். மேலிருந்து வேகமாக இழுக்க இழுக்க, அந்த அடித்தண்ணீர் குழாயின் கீழே கூம்பாக எழும்பி வாயை மறித்துக்கொள்கிறது. பிறகு சுற்றிலும் எண்ணெய் இருந்தாலும் மேலே ஏறுவது தண்ணீர்தான்.

ஒன்பதாம் கிணறு அந்த நிலைக்கு வந்திருந்தது. நூறு குடம் ஏறினால் எண்ணெய் நாலைந்து குடம். மீதியெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரையும் சும்மா கடலில் கொட்ட முடியாது. பிரித்து, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, சுத்தம் செய்துதான் விட வேண்டும். கடல் நடுவே இரும்புக் கால்களில் நிற்கும் தளத்தில் இருக்கும் தொட்டிகளோ கொஞ்சம். ஒரு கிழட்டுக் கிணறு அவற்றை நிரப்பிக்கொண்டே இருந்தால் நல்ல கிணறுகளைக் குறைக்க வேண்டிவரும். அதனால்தான் ஒன்பதை மூடச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

நீதான் ஒப்பவில்லை. கரைக்கு வந்த அன்று நான் வேலை செய்யும் ஆய்வகத்துக்கு டிரங்க் கால் போட்டாய். கொரகொரப்புக்கு நடுவில் உன் குரல்.

"அக்கா, அது சாவல. நாமதான் அத வெரட்டிக்கினே இருந்தோம்."

"அதுக்கு ஆதாரம் இன்னா செல்வம்?"

"வந்துச்சு பாரு. சாவறவனாண்ட கூட சர்ட்டிபிகேட் கேப்பே நீ."

"கேப்பேன். எங்க?"

"பாட்டில் அனுப்பறேன். பாத்துக்கோ."

பெண்களைத் தளத்துக்கு அனுப்புவதில்லை. தங்க இடமில்லை என்பார்கள். இத்தனை வருஷம் அந்த வயலைப் படித்தவள் அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எனக்குக் கடல் என்பது நீ அனுப்புகிற பாட்டில்கள்தான்.

உன் யோசனை எளிமையானது. குழாயின் அடிப்பக்கத் துளைகளைச் சிமெண்டால் அடைப்பது. ஒரு மாதம் கிணற்றை ஆறவிடுவது. எழும்பி நிற்கிற தண்ணீர் தன் எடையால் கீழே இறங்கிவிடும். அதன் பிறகு வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, அவசரமில்லாமல் எடுப்பது. உன் பேச்சுத் திறமையில் மேலதிகாரிகள் ஒத்துக்கொண்டார்கள். துளைகளை அடைத்தாய். வால்வை மூடினாய். மறுவாரம் தளத்து இரும்புப் படிக்கட்டில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். காற்று பலமாக இருந்தது, ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. யார் மேலும் குற்றமில்லை. நான் துருவித் துருவி விசாரித்தேன். யாரையாவது குற்றம் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஒருவரும் கிடைக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஆய்வகத்துக்குத் திரும்பிய அன்று என் மேசையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. சரக்குப் படகிலும் ரயிலிலுமாகச் சாவகாசமாக வந்து சேர்ந்திருந்தது. உள்ளே வைக்கோலுக்கு நடுவில் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் உன் கையெழுத்து. உன் கோணல் ஒன்பது. கூட வேலை செய்பவர்கள் மெதுவாக எழுந்து வெளியே போய்விட்டார்கள். நான் வழக்கம்போல உப்பு பார்த்தேன், அடர்த்தி பார்த்தேன், எழுதி வைத்தேன். கடைசி பாட்டிலின் கழுத்தில் மட்டும் மோதிரம் போல ஓர் எண்ணெய் வளையம். அதைக் கொட்டவில்லை. அலமாரியில் வைத்திருக்கிறேன். சில சாயங்காலங்களில் ஆய்வகத்தைப் பூட்டும்போது அந்த வளையம் தடித்திருப்பது போலத் தோன்றும். ஸ்கேல் வைத்து அளந்தேன். தடிக்கவில்லை. அடுத்த நாளும் அளந்தேன். ஏன் அளந்தேன்?

ஒரு மாதம் கழித்துக் கிணற்றைத் திறக்கவில்லை. தினசரி அறிக்கையில் 'வால்வு உதிரிப் பாகம் வரவில்லை' என்று எழுதி வந்தார்கள். மாதங்கள் போயின. உதிரிப் பாகம் வரவே இல்லை. வராதது ஒன்றும் புதிதல்ல என்று நானும் இருந்துவிட்டேன்.

உண்மை பொங்கல் சமயத்தில்தான் தெரிந்தது. இந்த வருஷம் நம் வீட்டில் பொங்கல் இல்லை அல்லவா, அதனால் அன்று வேலை ஒன்றும் இல்லாமல் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். உன் போர்மேன் வேதாசலம் வந்தார். மதுராந்தகம் பக்கத்துக்காரர், லீவில் ஊருக்கு வந்தவர், நைனாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். மோர் குடித்தார். கொஞ்ச நேரம் காலியான டம்ளரையே கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு சொல்றேன். கோச்சுக்கக் கூடாது. அந்த ஸ்பேர் வரலன்னு எய்திக்கினு இருந்தோமே, அது பொய்யி."

"ஸ்பேர் வந்துடுச்சா?"

"ஸ்பேரே வேணாம் மேடம். வால்வு நல்லாதான் கீது."

"அப்புறம் ஏன் திறக்கல?"

அவர் நைனாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"சாரு மூடுன கை. யாரு தொறக்கறது?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் மெல்ல மெல்லச் சொன்னார். "நம்ம ஆளுங்க, பதினாறாம் நாள் காரியம் போவட்டும்னோம். மராட்டிக்காரங்களுக்கு பதிமூணு, அவங்க முன்னாடியே ரெடி. எங்க மூஞ்சியப் பாத்துட்டு சும்மா இருந்துட்டாங்க. சமையல்கட்டு பாய், நாப்பது ஆவட்டும்பான்னாரு. சாருக்கு அவரு மேல அவ்ளோ இது. நாப்பதும் ஆச்சு. அப்ப எவனோ ஒருத்தன், வருசம்தான் திரும்பட்டுமேன்னான். அதுக்கு எதிரா பேச எவனுக்கும் வாய் வரல மேடம்."

"ஒரு மாசம்தான் திட்டம் வேதாசலம். சோதனையே கெட்டுப்போச்சு. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா?"

அதுவரை சுவரில் சாய்ந்து கண்மூடியிருந்த நைனா கண்ணைத் திறந்தார். "இன்னாத்துக்கு அந்தப் புள்ளைய மெரட்ற? செரியாத்தான் பண்ணிகிறானுங்க. பெத்த வூட்ல நானே எல்லாத்தயும் நிறுத்தி வெச்சிக்கீறேன். கடல்ல கீறவன் நிறுத்துனா தப்பா?" பிறகு வேதாசலத்திடம் திரும்பினார். "ஆனா ஒண்ணுபா. கடலுக்கு நட்ட நடுவுல கெணறு வெட்டி, அதுல தண்ணி வந்துச்சேன்னு அயுவற கும்பல நான் எங்கயும் பாத்ததில்ல." வேதாசலம் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நீ இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பாய்.

எனக்குக் கோபம் அடங்கச் சில நாள் ஆனது. உனக்கு ஏன் என்று தெரியும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டால் எது பலன் தந்தது என்று சொல்ல முடியாது. எண்ணெய் வந்தால் அது உன் சிமெண்டின் பலனா, வருஷம் முழுக்க ஆறவிட்டதன் பலனா?

அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. மூடிய குழாய்க்குள் இருப்பதெல்லாம் நாளடைவில் பிரிந்து நிற்கும், காய்ச்சிய பாலில் ஆடை கட்டுவது போல. எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே. நாளைக்குத் திறந்தவுடன் வரப்போவது அந்த ஆடைதான். அதைப் பார்த்து எல்லோரும் குதிப்பார்கள். அது பாறை தந்ததாக இருக்காது, குழாயில் தங்கியதாக இருக்கும். ஆனால் கிணற்று வாயில் உள்ள அழுத்தமானியின் முள் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. குழாயில் தண்ணீரின் இடத்தை எண்ணெய் பிடித்தால்தான் அப்படி ஏறும். அவ்வளவு எண்ணெய் பாறையிலிருந்துதான் வந்திருக்க முடியும். என் சிபாரிசு முழுவதும் அந்த முள்ளின் மேல் நிற்கிறது. அதுவோ கடல் உப்பு தின்ற பழைய மானி. சில சமயம் தட்டினால்தான் நகரும் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

இப்போது சொல், நான் நம்பியது முள்ளையா, உன்னையா?

போன வாரம் ஊருக்கு வந்ததும் நைனாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தேதியைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"தெவசம் முடியறதுக்குள்ளயா?"

"மழைக்காலம் வந்துட்டா மூணு நாலு மாசம் கிட்டப் போக முடியாது நைனா. படகு நிக்காது."

"கடலுக்குப் பஞ்சாங்கம் இல்லியா?"

"அதுக்கும் ஒரு பஞ்சாங்கம் இருக்கு. அதான் இந்தத் தேதி."

"தொறக்கறதுக்கு முன்ன ஒரு சூடமாவது ஏத்தச் சொன்னியா?"

"அங்க சூடம் கொளுத்தினா தளமே போயிடும் நைனா. தீப்பெட்டியே கொண்டு போகக் கூடாது."

"கியிஞ்சுது போ. சூடம் ஏத்தக் கூடாத எடத்துல எம்புள்ளய வேலைக்கு வெச்சிருந்திருக்கீங்க."

உன் மனைவி கோமதியிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவள் முன்பே என்னிடம் ஒரு முறை கேட்டிருந்தாள். நான் பதில் சொல்லாமல் நழுவியிருந்தேன். இந்தத் தடவை நம் வீட்டுக் கிணற்றடியில் துணியை அலசிப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"அத மூடிடச் சொல்லுங்க அண்ணி. உங்க பேச்சக் கேப்பாங்க இல்ல?"

"மூடித்தானே இருக்கு கோமதி. ஒரு வருஷமா மூடித்தான் இருக்கு."

"அது பூட்டு. நான் மண்ணச் சொல்றேன்." துணியை உதறிக் கொடியில் போட்டாள். "அவரக் கொண்டாந்து இங்க மண்ணுல வெச்சோம். அது மட்டும் அங்க முடியாம நின்னுக்கினு கீது. எனக்குக் கண்ண மூடுனா அதுதான் வருது. அவரு கூட வரதில்ல அண்ணி, அதுதான் வருது. ஒரு வாயி. மூடியும் மூடாம."

செத்துப்போன கிணறு என்றால் மூடிவிடலாம், உயிர் இருக்கும்போது எப்படி மூடுவது என்று சொல்ல வாயெடுத்தேன். அது எனக்கே கேட்கச் சகிக்காத பேச்சாகத் தோன்றியது. அவளிடம் கணக்கைச் சொன்னேன். தண்ணீர் வந்தால் நிச்சயம் மூடுவார்கள் என்றும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அவள் வேண்டிக்கொள்வது தண்ணீருக்கு என்று இருவருக்கும் தெரியும்.

ஆக, ஒரே வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். ஒருவருக்கு அதைத் திறக்கக் கூடாது. ஒருத்திக்கு அது முடிய வேண்டும். எனக்கு என்ன வேண்டும் என்பதை நான் நம்பவில்லை. நாளைக்குச் செய்தி கேட்க உத்திரமேரூர் போக வேண்டும். அரிசி மில்லில் மட்டும்தான் நமக்குப் பழக்கமான போன் இருக்கிறது. அந்த எண்ணைத்தான் கொடுத்திருக்கிறேன். மின்சாரம் வந்துவிட்டது. மோட்டார் மறுபடி ஓடுகிறது. இங்கே நிறுத்துகிறேன்.

மறுநாள் நடந்ததை இனி எழுதுகிறேன். எதையும் சேர்க்கவில்லை.

காலையில் நான் கிளம்பும்போது கோமதியும் செருப்பை மாட்டிக்கொண்டாள். "நானும் வரேன். மூடறாங்கன்னு சேதி வந்தா என் காதால கேக்கணும்." சாலவாக்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் இருவரும் ஏறினோம்.

மில்லுக்காரர் துரைசாமி எங்களை உமித்தூசிக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். வேதாசலம் இந்த முறை கரையில் இருந்தார். தளத்தில் பேசுவது அவருக்கு வயர்லெஸ்ஸில் வரும், அதை அவர் டிரங்க் காலில் எனக்குச் சொல்வார் என்று ஏற்பாடு. முதல் கால் வந்ததும் துரைசாமி அரவையை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்.

"மேடம்! எண்ணெய் மேடம்! கருப்பா, கெட்டியா வருது! தளத்துல கத்தறானுங்க, இங்க வரைக்கும் கேக்குது!"

"குழாய்ல நின்ன எண்ணெய் அது. நம்பாதீங்க. வால்வை இப்ப இருக்கறதுக்கு மேல திறக்க வேணாம்னு சொல்லுங்க."

துரைசாமிக்குத் தாங்கவில்லை. அதற்குள் ஆளுக்கொரு கலர் சோடா வாங்க ஆள் அனுப்பிவிட்டார். "இன்னாம்மா நீங்க? நல்ல சேதி வந்தாலும் கடன்காரன் வந்த மாரி மூஞ்சிய வெச்சிக்கினு கீறீங்களே!"

கோமதி எழுந்து வந்து என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள். அவள் கேட்டது ஒன்றுதான். "யாரு தொறந்தது?"

வேதாசலத்தின் குரல் எனக்கும் கேட்டது. "அஞ்சு பேரு சேந்தும்மா. தனியாத் தொட மாட்டேன்னுட்டானுங்க."

"ஒரு சக்கரத்துல அஞ்சு பேரு கை எப்பிடிப் பத்தும்?"

"பத்தலம்மா. மூணு பேரு புடிச்சாங்க. ரெண்டு பேரு அவங்க தோளத் தொட்டுக்கினாங்க."

அவள் ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். சோடாவைத் தொடவில்லை.

சாப்பாட்டு நேரம் கடந்து இரண்டாவது கால் வந்தது. வேதாசலத்தின் குரலில் சத்தம் இல்லை. "தண்ணி மேடம். தனித் தண்ணி. எண்ணெய் வாசனை கூட இல்லையாம்." பிறகு கரை அதிகாரி பேசினார். தொட்டி நிறைகிறது, நிறுத்திவிடலாமா, படகுக்குச் சொல்லட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். முடிவு உங்களுடையது என்றார்.

கோமதி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முடிஞ்சுதா அண்ணி?"

குழாயில் எண்ணெய்க்கு அடியில் நின்ற தண்ணீரும் வெளியே வந்தாக வேண்டும். அதற்குப் பிறகு வருவதுதான் பாறையிலிருந்து வருவது. அது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்பே கணக்குப் போட்டிருந்தேன். இன்னும் அந்த நேரம் ஆகவில்லை. இது படித்தவள் சொல்லக்கூடிய காரணம்தான். ஆனால், செல்வம், காரணம் இல்லாவிட்டாலும் நான் அவகாசம் கேட்டிருப்பேனோ? அதிகாரியிடம், "இருட்டற வரைக்கும் விடுங்க" என்றேன். கோமதியிடம், "இன்னும் முடியல" என்றேன். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தச் சாயங்காலத்தை எப்படிக் கழித்தோம் என்று எழுதத் தெரியவில்லை. அரவை மெஷின் ஓடியது, நின்றது. சாக்குகள் போயின, வந்தன. உன் குரல் 'அக்கா' என்று இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் அது மெஷின் பட்டையின் சத்தம்.

மில்லைப் பூட்டப் போகிற நேரத்தில் மணி அடித்தது. கோமதிதான் எடுத்தாள். "சொல்லுங்க" என்றாள். கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, வேதாசலம் சொல்லச் சொல்ல அப்படியே சொன்னாள்.

"ரெண்டும் வருதாம். பாட்டில்ல புடிச்சி நிக்க வெச்சிப் பாத்தாங்களாம். சாணளவு பாட்டில்ல மூணு வெரக்கடை எண்ணெயாம். மீதி தண்ணியாம்."

"எத்தனை தடவை பிடிச்சாங்க? கேளு."

"நெறைய தடவையாம். அதே மூணு வெரக்கடையாம். கொறையலியாம்."

சாண் என்றால் பன்னிரண்டு விரற்கடை; நூற்றில் நாலைந்து இருந்த இடத்தில் இப்போது கால்வாசி. யாரும் குதிக்கிற அளவு இல்லை. கிணற்றை ஓட விடுகிற அளவு இருக்கிறது. ரிசீவரை வாங்கி, இதே அளவில் ஓடட்டும், படகைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

கோமதி நின்றுகொண்டே இருந்தாள். "அப்ப மூட மாட்டாங்க."

"இப்ப மாட்டாங்க."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். அவள் அழவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேசினாள். "ஓடட்டும். அஞ்சு பேரு தோளத் தொட்டுக்கினு தொறந்துகிறாங்க, நான் இன்னா சொல்றது? ஆனா அண்ணி, அது முடியற அன்னிக்கு எனக்குச் சொல்லணும். கடுதாசி போடக் கூடாது. தந்தி குடுக்கக் கூடாது. வந்து, எதுக்க ஒக்காந்து சொல்லணும்."

வீட்டில் நைனா விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். "இன்னா ஆச்சு?"

"முக்காவாசி தண்ணி, காவாசி எண்ணெய் நைனா."

"இதுக்கா பகல் முய்க்க மில்லுல குந்திக்கினு வந்தீங்க?" பிறகு வேறு குரலில் கேட்டார். "அவன் சொன்னது நெசமா அப்ப?"

"கொஞ்சம் நிஜம்."

"கொஞ்சம்னா?"

"எவ்ளோன்னு தெரியாது நைனா."

அவர் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். கழுவிய பிறகும் முகம் ஈரமாகவே இருந்தது.

எண்ணெயைக் கொடுத்தது உன் சிமெண்டா, அந்த ஆட்கள் காத்த துக்கமா என்று அறிக்கையில் ஒரு வரி எழுத வேண்டும். பிரித்துச் சொல்ல வழியில்லை என்று எழுதுவேன். உனக்குப் பிடிக்காது. வேறு எதையும் எழுத முடியாது.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன், செல்வம். அந்தக் கிணறு முழுக்கத் தண்ணீராகிற நாள் வரும். எல்லாக் கிணற்றுக்கும் வருகிறது. அன்றைக்கு உனக்காக ஒரு நாள்கூட அதிகமாக அதைத் திறந்து வைக்க மாட்டேன். அடைத்துவிடலாம் என்று நானே எழுதுவேன். எழுதிய கையோடு ரயிலேறி வந்து, கோமதிக்கு எதிரே உட்கார்ந்து, வாயால் சொல்வேன். அதுவரை மெதுவாகவே இழுக்கச் சொல்லியிருக்கிறேன். யாரும் அதை விரட்ட மாட்டார்கள்.

இப்படிக்கு,
உன்னிடம் எப்போதும் ஆதாரம் கேட்ட உன் அக்கா